வெட்டுகள் மட்டும் வந்து சேர்ந்தன

பழைய மென்பொருளின் லைசென்ஸ்
இன்று நள்ளிரவோடு முடிகிறது.
இனிச் சந்தா கட்டுவதில்லை என்று
முதலாளி முடித்துவிட்டார்.
செக்காலை ரோட்டில் இரண்டாம் மாடி,
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்த அறை.
உள்ளே ஏசி பதினெட்டில்,
வெளியே காரைக்குடி நாற்பதில்.

புதியதில் படத்தை ஏற்றினேன்.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஷாட்டுகள்.
வெட்டுகள் எல்லாம் வந்துவிட்டன,
ஒரு ஃப்ரேம் பிசகவில்லை.
நிறம் வரவில்லை.
திரை முழுக்கச் சாம்பல்,
கேமராவுக்குள்ளிருந்து அப்போதுதான் எழுந்து வந்த
கழுவாத முகங்கள்.

"எக்ஸ்போர்ட் பண்ணலாமே" என்றார்
எடிட்டர் வள்ளிக்கண்ணு.
பண்ணலாம்.
ஷாட்டுக்குப் பத்து எண்கள் போகும்.
முகத்தைச் சுற்றி நான் வரைந்த வட்டம் போகாது.
அவள் நடக்க நடக்க அது கூடவே நடந்ததும்,
கண்டாங்கிச் சேலையின் மஞ்சளை மட்டும்
கிள்ளி எடுத்துத் தணித்ததும் போகாது.
பத்து எண்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய?
ஜாதகத்தைக் கொடுத்து
ஆளை வரையச் சொல்வதுபோல.

கை வேறு பழசையே தேடுகிறது.
இங்கேயும் மூன்று உருண்டைகள்தான்,
நடுவில் இருப்பது நடுத்தொனிதான்.
ஆனாலும் அடுத்த வீட்டு மாடிப்படி,
இருட்டில் ஏறினால்
ஒரு படி அரை அங்குலம் கூட.
சேமிக்கிற கட்டையைத் தட்டினேன்,
ஷாட் அழிந்தது.
வாயில் வந்ததைச் சொன்னேன்.
ரஃபீக் ஹெட்போனைக் கழற்றி
"என்னையா?" என்றான்.

சீன் நாற்பத்தொன்று.
கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் இரண்டாம் கட்டு.
முட்டை வெள்ளை பூசிய சுவர்,
ஆத்தங்குடிக் கல்லில் நாலு மணி வெயில்.
அந்தத் தரையின் சிவப்புக்காகத்தான்
இயக்குநர் உமையாள் என்னிடம் வந்ததே.
வெந்த செங்கல்லுக்கும்
வெற்றிலை போட்ட உதட்டுக்கும் நடுவில்
எங்கோ இருக்கிற சிவப்பு.
இடப்பாதியில் பழையது, வலப்பாதியில் புதியது,
நடுவில் ஒரு கோடு.
அந்தக் கோடு மறைந்தால் போதும்.
மறையவில்லை.

பதினொன்று நாற்பதுக்குப்
பழையதைக் கடைசியாக ஒருமுறை திறந்தேன்.
அமைப்புகளுக்குள் மூன்றாவது பக்கத்தில் ஒரு பெட்டி,
நான் டிக் பண்ணாமல் விட்டது.
அந்த நாள் எடுத்ததை மட்டும்
வேறொரு கேமராவின் கோப்பு என்று எண்ணி
இத்தனை மாதமும் தப்பாக வாசித்திருக்கிறது அது.
உமையாள் கும்பிட்ட சிவப்பு
என் மறதி.

புதியது ஒழுங்கான பிள்ளை.
கேமராவின் பெயரைத் தானே படித்துக்கொள்கிறது.
தரை வெறும் சிவப்பு,
சுவரில் லேசாக நீலம் ஓடுகிறது.
அதே தப்பை இங்கே செய்து பார்த்தேன்,
வேறு தப்பு வந்தது.
இதன் கணக்கு வேறு.
கைமறதியாய்ச் செய்ததைக்
கவனமாகச் செய்ய ஐந்து நோடுகள்,
விடிய நாலே முக்கால் வரை.
அதற்குள் பழையது மூடிக்கொண்டது
ஒரு மன்னிப்பு வாசகத்தோடு.

பத்து மணிக்கு உமையாள் வந்தார்.
இரண்டையும் போட்டுக் காட்டினேன்.
திருத்தாத தரையை
ரொம்ப நேரம் பார்த்தார்.
"இது என்ன?"
"அன்னைக்கு அங்கே இருந்த நிறம்."
"அன்னைக்கு நான் அங்கேதான் நின்னேன்.
இப்படி இல்லை."
இன்னொன்றைக் காட்டி
"இதுதான்" என்றார்,
சாட்சி சொல்கிற குரலில்.

நான் எதுவும் பேசவில்லை.
கரண்ட் போனது,
யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.
அது நிற்பதற்குள்
ஐந்து நோடுகளையும் ஒன்றாகக் கட்டி
'நாலு மணி' என்று பெயர் போட்டுச் சேமித்தேன்,
இந்த முறை சரியான கட்டையைத் தட்டி.

இன்னும் ஆயிரத்து நூற்றுப் பதினொன்று.