முப்பத்தேழு புள்ளி ஏழு

பதினாறாம் நாள் இரவு
எண்கள் செத்துப்போயின.

முதலில் கடைசி ஏழின் மேல்கோடு.
பிறகு மூன்று, ஒவ்வொரு வளைவாக.
புள்ளி மட்டும் சிவப்பாய்க் கொஞ்சநேரம்
இருந்து பார்த்துவிட்டு
அதுவும் போனது.

பெட்டிக்குள் பல்புகள் எரிகின்றன.
ஒட்டுசுட்டானில் ஒருவர் எறியவிருந்த பிரிட்ஜ்.
இரண்டாயிரம் கொடுத்து ஏற்றிவந்து
காற்றாடியும் தண்ணீர்த் தட்டும் வைத்து
நானே வயர் இழுத்தது.
உள்ளே நூற்றுப் பன்னிரண்டு முட்டைகள்,
ஒரு பக்கம் பென்சிலால் புள்ளடி, மறுபக்கம் வட்டம்.
எவ்வளவு சூடென்று சொல்லத்தான் ஆளில்லை.

மாங்குளத்துக்குக் கோல் எடுத்தேன்.
துவாரகன் நித்திரைக் குரலில் சொன்னான்:
"அக்கா, டிஸ்பிளே மட்டும் தனிய வராது.
போட்டோட மாத்தவேணும்.
நாளைக்கு வவுனியா பஸ்ஸில போட்டுவிடச் சொல்லுறன்.
பல்ப் அணையுதோ எண்டு பாருங்கோ,
றிலே ஒட்டியிருந்தா எல்லாம் அவிஞ்சிடும்."

பார்த்தேன். அணையவில்லை.

காய்ச்சல் பார்க்கிற கோல் பங்குனியில் உடைந்தது.
கால்நடைப் பயிற்சியில் ஒரு டொக்டர்
பகிடியாய்ச் சொன்னது ஞாபகம் வந்தது:
ஒண்டும் இல்லாட்டி முட்டையை இமையில வைச்சுப் பாருங்கோ,
உடம்பில அதைவிட நல்ல மீற்றர் இல்லை.

இடது இமை உதவாது.
அதற்கு மேலே ஒரு துண்டு கிடக்கிறது,
எடுத்தால் கண் போகும், கிடக்கட்டும் என்றார்கள்.
அந்தப் பக்கத்துக்குச் சூடும் குளிரும் ஒன்று.
வலதில் வைத்தேன்.
இமை சொன்னது, கூட.

பிளக்கைப் பிடுங்கினேன். இருநூறு எண்ணினேன்.
வைத்தேன். நூறு எண்ணினேன்.
மறுபடி இமை.
ஒரு மணிக்கு யானைவெடி கேட்டது, குளத்துப் பக்கம்.
மூன்று மணிக்கு எண்ணிக்கை பிசகி
எண்பதிலிருந்து திரும்ப வந்தேன்.
அன்றிரவு முழுக்க
அந்தப் பெட்டியின் றிலே நான்தான்.

செவ்வாய்க்கிழமை இருபத்தோராம் நாள்.
செவ்வாய்க்கிழமைதான் லோன்காரத் தம்பியும் வருவார்.
அவருடைய டப்பில் என் பெயருக்கு நேரே ஓர் எண் எரிகிறது.
அந்த டிஸ்பிளே பழுதாகி நான் கண்டதில்லை.

பத்தே முக்காலுக்கு மல்லாவிச் சந்தியில்
கண்டக்டர் ஒரு பிஸ்கட் பெட்டியை நீட்டினார்,
"முட்டைக்காரியக்கா நீங்களோ?"

நாலு ஸ்குரூ. ஒன்று பல்லில்லாதது,
ரப்பர் பான்டை இடையில் வைத்துத் திருக வந்தது.
பழைய வயர்கள் சிவப்பும் கறுப்பும்.
புதியதில் எல்லாமே வெள்ளை.
போனில் படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து
மகளின் கியூட்டெக்ஸால்
ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தேன்.

பிளக்கைப் போட
எட்டு எட்டு எட்டு என்று விழித்தது.
பிறகு
முப்பத்துநாலு புள்ளி ஒன்று.

குளிர்ந்துபோயிற்று.
பதினேழு நாள், நூற்றுப் பன்னிரண்டு,
இரவு முழுக்க இமை பொய் சொல்லியிருக்கிறது.
அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

எவ்வளவு நேரமோ.
காலில் ஏதோ உரச, குனிந்தால்
சென்சர்.
வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.
அது இவ்வளவு நேரமும் எனக்குச் சொன்னது
மல்லாவியின் மத்தியானத்தை.

துளையால் உள்ளே விட்டேன்.
முப்பத்தைந்து. முப்பத்தாறரை.
முப்பத்தேழு புள்ளி இரண்டில் நின்று யோசித்தது.
நாலு. ஆறு.
ஏழு.
டிக்.
பல்புகள் தாமாக அணைந்தன.

இனி இமை தேவையில்லை.
ஆனாலும் ஒரு முட்டையை எடுத்து,
ஏனென்று தெரியாது, இடதுபக்கம் வைத்தேன்.
சூடு தெரியவில்லை. அது தெரியாது.
கொஞ்சம் பொறுத்து
அந்தத் துண்டில் தட்டுப்பட்டது
உள்ளேயிருந்து ஒரு சின்ன உதை.

புள்ளடிப் பக்கம் மேலே வர
மெல்ல வைத்துக் கதவைச் சாத்தினேன்.
தண்ணீர்த் தட்டு காய்ந்திருந்தது, அதை மறந்தே போனேன்.