குடுமிக் கணக்கு

பசனவுரியில்
கறுப்பு ஆறும் வெள்ளை ஆறும் தொட்டுக்கொண்டும்
கொஞ்ச தூரம் கலக்காமல் ஓடும்.
அந்த வளைவில் என் கடை.
எட்டு மேசை, ஒரே பானை.

கின்காலியைக் குடுமியைப் பிடித்துத் தூக்க வேண்டும்.
ஓரத்தில் சிறிதாகக் கடித்து
உள்ளே இருக்கும் சாற்றை முதலில் உறிஞ்ச வேண்டும்.
சிந்தினால் சட்டை காட்டிக்கொடுக்கும்.
குடுமியை யாரும் தின்பதில்லை.
அரைவேக்காட்டு மாவு, தடிப்பு.
தட்டோரம் வைத்துவிடுவார்கள்,
எத்தனை உள்ளே போயிற்று என்று
பக்கத்து மேசைக்குத் தெரிய.
முப்பத்தைந்து வருடமாக
கழுவுவதற்கு முன் நான் எண்ணுகிறேன்.

மல்காஸ் முதல்முறை வந்த இரவு
கணவாயைப் பனி மூடியிருந்தது.
வெளியே அவன் லாரி, உள்ளே அவன்.
வயது இருபத்தாறு.
நாற்பத்திரண்டு குடுமிகள்,
தட்டைச் சுற்றி வேலி கட்டியதுபோல்.
எழுந்தபோது பெல்ட்டில் ஒரு துளை தளர்த்தினான்,
அவ்வளவுதான்.
இன்னொரு பீர் கேட்டான்.
என்னை ஆட வருகிறாயா என்றும் கேட்டான்.
பானை கொதிக்கிறது என்றேன்.

பிறகு அந்தக் குளிர்காலங்கள்.
மின்சாரம் இல்லை, மாவு இல்லை, இறைச்சி பேச்சிலேயே இல்லை.
ஒருநாள் எங்கிருந்தோ அரை மூட்டை மாவோடு வந்தான்.
உருளைக்கிழங்கை மசித்து வைத்து மடித்தேன்.
தலைக்கு ஏழு.
தட்டுகள் திரும்பி வந்தபோது
எண்ண ஒன்றுமில்லை.
எல்லோரும் குடுமியையும் தின்றிருந்தார்கள்.
மல்காஸின் வயிற்றில் அன்று
நூறுக்கு இடமிருந்தது.

நாற்பதில் முப்பது தின்றான்.
ஐம்பதில் இருபது, கடைசியில் ஒரு போர்ஜோமி.
ஏப்பம் வரும்வரை எதிரே இருப்பவனிடம்
பேசுவதுபோல் பாவனை.
அப்புறம் ஒரு வருடம் பதினொன்று,
அடுத்த வருடமும் பதினொன்று.
அப்பாடா, நின்றுவிட்டது என்று நினைத்தேன்.
நிற்கவில்லை.
படுத்தால் நெஞ்சில் எலுமிச்சை பிழிகிற மாதிரி இருக்கிறதாம்,
லாரியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறானாம்.
இதை என்னிடம் சொல்லவில்லை.
மிளகு கொஞ்சம் குறை என்றான்,
எனக்குப் புரிந்தது.

போன வியாழன் மருமகன் ரெவாஸோடு வந்தான்.
'முப்பது' என்றான், குரல் கடை முழுக்கக் கேட்க.
ரெவாஸ் பேசாமல் தின்றான்.
பொறாமைப்பட வைக்கும் வேகம்,
மெல்லுகிறானா என்றே சந்தேகம்.
அவன் போனைப் பார்க்கும்போதெல்லாம்
மல்காஸின் இரண்டு விரல்கள்
அந்தத் தட்டிலிருந்து குடுமிகளை
இந்தத் தட்டுக்குக் கொண்டுவந்தன.
ஆவிக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.
ரெவாஸும் பார்த்தான்.
பார்த்துவிட்டு ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டான்,
இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்தான்.

கணக்கு கேட்க வந்தபோது
'மாமா பதினேழு, நான் ஐந்துதான்' என்றான் பையன்.
மல்காஸின் காது மடல்கள் சிவந்தன.
'வயசுப் பிள்ளை, சரியாகச் சாப்பிடுவதில்லை' என்றான்.
'ஆமாம்' என்றேன்.
வேறென்ன சொல்ல.

மீதி எட்டு, தோல் சுருங்கி, நெய் உறைந்து கிடந்தன.
'கட்டிக் கொடு, நாய்க்கு.'
அவன் நாய் வசந்தத்திலேயே செத்துவிட்டது.
கட்டிக் கொடுத்தேன்.

எனக்கு அறுபத்தேழு.
ஒரு காலத்தில் பானையோரம் நின்றபடியே
பன்னிரண்டு விழுங்குவேன்,
யாரும் எண்ணியதில்லை.
இப்போது மாலைக்குள் வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது,
ரொட்டி ஒரு துண்டு, தேநீர், போதும்.
அன்றிரவு கடையைப் பூட்டிய பிறகு
விரலில் ஒட்டியிருந்த மாவைத் திரட்டி
வாதுமைக் கொட்டை அளவில் ஒன்று செய்தேன்.
அதற்கும் மடிப்பு வைத்தேன், சின்னச் சின்னதாக.
உட்கார்ந்து, சாற்றை உறிஞ்சி,
மெதுவாக மென்று,
குடுமியையும் தின்றேன்.
தட்டில் ஒன்றும் மிச்சமில்லை.
கழுவவே தேவையில்லை.
கழுவினேன்.