தட்டு மறையும் ஆழம்

என் வேலை ஒரு தட்டை நீருக்குள் இறக்குவது.
நாலாகப் பிரித்த வட்டம்,
இரண்டு பங்கு கறுப்பு, இரண்டு பங்கு வெள்ளை.
கயிற்றில் பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சு.
தட்டு கண்ணுக்கு மறையும் இடத்தில்
முடிச்சை எண்ணி எழுத வேண்டும்.
அவ்வளவுதான். இதற்கு நாலு வருஷம் படித்தேன்.

வாழைச்சேனைத் துறைமுகத்தில்
பெரிய வள்ளங்கள் தரைதட்டுகின்றன என்று
மிதவையில் ஏறி வந்திருக்கிறது தோண்டும் இயந்திரம்.
ஓட்டுகிறவன் இஹ்ஸான், பொத்துவில்காரன்.
ஒவ்வொரு வாளிக்கும் பிஸ்மி சொல்லித்தான் இறக்குவான்.
முதல் வாளி மணல். இரண்டாவதும் மணல்.
மூன்றாவதில்
கண்மை போலக் கறுப்பு, கூழ்முட்டை வாடை.
மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டான்:
"மிஸ், இதென்ன, கடலுக்கும் வயித்துக் குழப்பமா?"

என்ன சொல்ல.
வள்ளத்தின் அடி சுரண்டிய செப்புப் பூச்சு,
எஞ்சின் கழுவிய இரவுகளின் கறுத்த எண்ணெய்,
வலையிலிருந்து கழன்ற ஈயக் குண்டு,
செத்த பற்றரி,
ஒரு சின்னப்பிள்ளையின் செருப்பு, இடதுகால் மட்டும்.
(அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.)
நாங்கள் போட்டோம்.
சேறு வாங்கி வைத்துக்கொண்டது
வட்டி கேட்காமல், காற்றுப் படவிடாமல்.
இத்தனை காலம் அது எங்களுக்காகச் செய்த வேலையை
வாளியின் பல்லிடுக்கால் ஒழுகும்போதுதான் பார்க்கிறேன்.

சுற்றிவரத் திரை கட்டியிருக்கிறது,
மஞ்சள் மிதவைகளில் தொங்கும் துணி.
காகிதத்தில் அதன் நீளம் சரி.
கிழக்கு மூலையில் ஒரு வள்ளத்துக்கு வழிவிட அவிழ்த்தது
அவிழ்ந்தபடி கிடக்கிறது.

காலை எட்டு மணிக்கு,
நீர் வரவும் இல்லாமல் போகவும் இல்லாமல் நிற்கும் நேரம்,
முந்நூறு மீற்றர் தள்ளி அளக்கச் சொல்கிறது ஒப்பந்தம்.
பதினொரு முடிச்சு. பன்னிரண்டு. பதினொன்று.
பொறியியலாளர் லோகராஜ் சந்தோஷமாய்க் கையெழுத்து வைக்கிறார்.
"கலங்கல்தானே தங்கச்சி. தெளிஞ்சிரும்."

தெளிகிறதுதான். அவர் பொய் சொல்லவில்லை.
இங்கே தெளிய
எங்கோ படிய வேண்டும், அதைச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸை விட்டுவிட்டேன்,
வேண்டுமென்றே.
பின்னேரம் நாலரைக்கு வாவிக்குள் பெருக்கு ஏறியது.
தவனேசனின் தோணியில் போய்
இறால் பண்ணைக் குழாய்க்கு முன்னால் தட்டை விட்டேன்.
ஒரு முடிச்சு.
இரண்டாவது என் விரலைத் தாண்ட முன்னமே
வெள்ளையும் போயிற்று.
குழாய் மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தது,
தாய்மடியை முட்டும் கன்று மாதிரி.

தவனேசன் துடுப்பை மடியில் வைத்தார்.
"அப்ப நாளைக்கு நண்டுக் கூடு
வைக்கிறதா, வைக்காம விடுறதா?"

கயிறு என் கையில் சொட்டிக்கொண்டிருந்தது.
இந்தத் தட்டு வெளிச்சத்தைத்தான் அளக்கும் அண்ணை,
ஈயத்தை அளக்காது.
அதற்குக் கொழும்புக்குப் போத்தல் அனுப்ப வேண்டும்.
போத்தலுக்குக் காசு ஒதுக்கவில்லை.
இதில் எதையும் சொல்லவில்லை.
"தெரியேல்ல" என்றேன்.
அவர் தலையாட்டினார், விலை கேட்டுவிட்டு
வாங்காமல் போகிறவர் போல.

அன்றிரவு வீட்டில் நண்டு.
அம்மா கழுவிய தண்ணீரைச் சட்டியோடு வாங்கி
லைற்றுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
அடி தெரிந்தது. சட்டியின் கீறல்கூடத் தெரிந்தது.
"என்னத்தடி தேடுறா?"
சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

தோண்டிய சேறு
ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் குவிந்திருக்கிறது,
மூடாமல்.
ஐப்பசி பிறக்க இன்னும் ஒன்பது நாள்.

பதிவேட்டில் பின்னேரத்துக்கென்று நிரல் இல்லை.
ரூலர் வைத்து ஒரு கோடு இழுத்தேன், பென்சிலால்.
மேலே நேரம் எழுதினேன்.
கீழே: ஒன்று.
லோகராஜ் வந்து பார்க்கும்வரை
அழிறப்பரை என் மேசையில் வைத்திருக்கப் போவதில்லை.