வரை

அலமாரிச் சாவியை என் மேசையில் வைத்து
"இந்த வருடம் ஓவியமும் வடிவமைப்பும் உன் பொறுப்பு,
வளர்த்துக் காட்டு" என்றார்
தலைமையாசிரியை, திருமதி ஜாலி.
பெயருக்கும் முகத்துக்கும் சம்பந்தமில்லை.

நான் கணக்கு டீச்சர்.
நான் வரைந்த பசுவை
மேசை என்றே இன்றும் நம்புகிறான் என் மகன்.

அலமாரியில் கல்லாகிப்போன பெயின்ட் டப்பாக்கள்,
நீலம் மட்டும் ஏழு.
முடி கொட்டிய தூரிகைகள்.
அன்னையர் தினத்துக்கான வண்ணத்துப்பூச்சி ஒன்று,
பதினோரு வருடம் நகலெடுத்து நகலெடுத்து
ஒரு கொம்பை இழந்திருந்தது.
கதவின் உட்புறம் யாரோ ஒட்டிய தாள்:
கோட்டுக்கு வெளியே வண்ணம் போனால்
அரை மதிப்பெண் குறையும்.

முதல் வெள்ளி, நான்காம் வகுப்பு.
எதையாவது வரையுங்கள் என்றேன்.
முப்பத்தெட்டுத் தாளிலும் இரண்டு மலை,
நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு.
டோங்காட்டில் ஏது அப்படி மலை?
கரும்பு, அதற்கப்பால் கடல்,
ஏறி இறங்கும் எங்கள் தெருக்கள், அவ்வளவுதான்.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்தது
அப்போது ஞாபகம் வந்தது,
வரை என்றால் மலையும்தான்.
நான் சொன்னதோ ஆங்கிலத்தில்.
இருந்தாலும் சொன்னதைச் செய்திருக்கிறார்கள்.

உட்கார்ந்து திட்டம் எழுதினேன்.
முதல் பருவம் முழுக்கப் பார்ப்பது மட்டும்.
இடது ஷூவைக் கழற்றி மேசைமேல் வை.
பத்து நிமிடம் பார். பென்சிலைத் தொடாதே.
அயாபோங்கா கழற்ற மாட்டேன் என்று அழுதான்.
அவன் ஷூவில் ஓட்டை.
என் திட்டத்தில் அதற்குக் கட்டமே இல்லை.
அடுத்த வாரம் எல்லாருக்கும் ஆரஞ்சுத் தோல்.

பிறகு குழாய்களில் தண்ணீர் நின்றது.

நான்காம் நாள், கணக்கு வகுப்பில்,
விடை தெரிந்தவர் கைதூக்குங்கள் என்றேன்.
தூக்கிய உள்ளங்கை எல்லாவற்றிலும்
குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.
வாளிக் கம்பி.
டேங்கர் லாரி தொடங்கி வீடுவரை பதிந்தது.
கணக்கை மூடச் சொன்னேன்.
கை வேண்டாம், அந்தக் கோட்டை மட்டும் வரையுங்கள்.
யாரும் மலை வரையவில்லை.

வலிக்காமல் தூக்க என்ன செய்யலாம்?
லெவஷ்னி ஸ்பான்ஜ் சுற்றினாள், நனைந்து வழுக்கியது.
க்ரிபாஷன் சோளத் தக்கையைத் துளைத்து மாட்டினான்,
மறுநாளே நசுங்கியது.
நொசிஃபோ தோட்டத்து ரப்பர் குழாயில் ஒரு சாண் வெட்டி
பக்கவாட்டில் கீறிக் கம்பியில் செருகினாள்.
தண்ணீர் வராத குழாய், மேம்,
இதற்காவது ஆகட்டும் என்றாள்.
அறுபது செய்தோம்.
திருமதி ஜாலி இரண்டு வாங்கிப்போனார்,
முகம் அப்படியேதான் இருந்தது.

பாட ஆலோசகர் வந்தார், கையில் படிவம்.
வண்ணப் பயன்பாடு, நேர்த்தி,
ஒவ்வொன்றும் பத்துக்கு எத்தனை?
குழாய்த் துண்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு
"இதில் கலை எங்கே?" என்றார்.
எனக்கும் சரியாகத் தெரியவில்லை.
அயாபோங்காவின் தாளைக் கொடுத்தேன்.

அதில் கைப்பிடியே கிடையாது.
ஒரு சரிவு, ஒரே பென்சில் கோடு.
உச்சியில் லாரி, கீழே வீடுகள்.
காலி வாளி ஏறுகிறது,
நிறைந்த வாளி இறங்குகிறது.
"இப்போது கீழே நிறுத்துகிறார்கள், மேம்.
லாரி நிற்கிற இடம்தான் தப்பு.
கை தப்பில்லை."

ஆலோசகர் நெடுநேரம் பேசவில்லை.
லாரி டிரைவர் பேசினார்.
மேட்டில் வண்டி திருப்ப இடமில்லை தம்பி,
இதென்ன சைக்கிளா?
அன்று மாலையே மேட்டுக்குப் போய்
காலால் அளந்துவிட்டு வந்தான் அயாபோங்கா.
மறுநாள் இன்னொரு தாள் கேட்டான்.

புதுத் தாள் தீர்ந்திருந்தது.
முதல் வெள்ளி அவன் வரைந்ததையே
பின்பக்கம் திருப்பிக் கொடுத்தேன்.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால்
மறுபக்கத்து இரண்டு மலையும் தெரிகிறது.
சூரியன் இருந்த இடத்தில்
லாரி திரும்பும் வட்டம்,
அதன் ஓரமாய் "23 அடி, என் அடி".

நேர்த்திக் கட்டம் இன்னும் காலி.
வெள்ளிக்குள் படிவத்தை அனுப்பவேண்டும்.