எவ்வளவு நாளாக

திங்கள் இரவு ஏழு முறை
மணல்பெட்டிக்குள் ஏறி இறங்கினான் பிராண்டூர்.
குந்துவான், வாலை உயர்த்துவான்,
எதையோ மறந்துவிட்டவனைப் போலச் சுவரைப் பார்ப்பான்.
பிறகு வெளியே வந்து
அடிவயிற்றின் கீழே நக்குவான், நெடுநேரம்.

மலச்சிக்கல் என்று நினைத்தேன்.
மீனெண்ணெய் ஒரு கரண்டி.
ஃபிளாடேரியில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து,
கிரீச்சிடும் கதவுக்கும்கூட.

செவ்வாய் காலை, குளியல்தொட்டியில்
மிளகளவு ஒரு சொட்டு. இளஞ்சிவப்பு.
பக்கத்தில் அவன்,
இதுவரை நான் கேட்டிராத குரலில்.
பத்தொன்பது வருடம் மீன் ஆலையில்
ஓசையை வைத்தே
எந்த இயந்திரத்தில் எது அடைத்தது என்று சொன்னவன் நான்.
இதைச் சொல்லத் தெரியவில்லை.
வயிற்றைத் தொட்டேன்:
தோலுக்கடியில் சின்னதாய் ஒரு வலைமிதவை,
அவ்வளவு இறுக்கம்.

தொலைபேசியில் ரன்வெய்க் கேட்டது ஒன்றுதான்.
"ஆணா?"
"ஆண்."
"உடனே கொண்டு வா."

உடனே என்பது இங்கே
வானிலையைக் கேட்டுவிட்டுச் சொல்லவேண்டிய சொல்.
இரவெல்லாம் பனி, சாலை மூடல்.
பனியகற்றும் வண்டிக்காரன் தோர்கில்ஸ்
கூடைக்குள்ளிருந்து வந்த குரலைக் கேட்டான்.
"என் பின்னாலேயே வா" என்றான்.
அவனுக்கு நாய்தான் பிடிக்கும்.

சுரங்கவாயில் அவன் திரும்பிக்கொண்டான்.
உள்ளே ஒற்றைத் தடம்.
எதிரே வண்டி வந்தால் ஒதுங்க ஆங்காங்கே ஒரு பொந்து.
மீன்லாரி ஒன்று, அதன் பின்னே இன்னொன்று.
ஒதுங்கி நின்றேன், எஞ்சினை அணைக்காமல்.
குறுகலான வழியில் காத்து நிற்பதைப் பற்றி
எனக்கும் கொஞ்சம் தெரியும்.
அது இப்போது வேண்டாம்.

செம்மறி ஆடுகளைக் கிடத்தும் எஃகு மேசை.
அதன் நடுவில்
யாரோ தவறவிட்ட கையுறை போல பிராண்டூர்.
பாதங்கள் சில்லிட்டிருந்தன.
நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டாள்.
"மெதுவாகத் துடிக்கிறது.
வெளியே போகவேண்டியது ரத்தத்துக்குள் திரும்புகிறது.
இன்றிரவைத் தாண்டியிருக்கமாட்டான்."
மயக்க ஊசியை நிரப்பிக்கொண்டே, நிமிராமல்:
"எவ்வளவு நாளாக?"

"ஒரு வருடத்துக்கு மேலே" என்றேன்.
"ராத்திரி நாலு தடவை எழுகிறேன்.
நின்றுகொண்டே இருக்கிறேன்.
நூல் போல வரும். நின்றுவிடும்.
மறுபடி நிற்பேன்."

ரன்வெய்க் நிமிர்ந்தாள்.
"பூனைக்கு, ஸ்டெயின்தோர்."

"நேற்றிலிருந்து."

பிறகு நாங்கள் இருவரும்
பூனையை மட்டுமே பார்த்தோம்.
மெல்லிய குழாய். உப்புநீர்.
செலுத்தினாள், இழுத்தாள், உதட்டைக் கடித்தாள்,
யாரையோ திட்டினாள், மறுபடி செலுத்தினாள்.
வந்தது.
முதலில் மணல்.
பின்னாலேயே ரத்தம் கலந்த நீர்,
ஒரு கிண்ணம் நிறைந்து, இன்னொரு கிண்ணம்.
அந்த நாற்றம்! ஜன்னலைத் திறக்க எழுந்தவன்
திறக்காமலேயே நின்றேன்.

விரல்நுனியில் தேய்த்துக் காட்டினாள்.
"இவ்வளவுதான். பெட்டைக்கு வழி அகலம்,
பெரும்பாலும் தானாகப் போய்விடும்."
எங்கள் மொழியில் ஸ்டெயின் என்றால் கல்.
என் பெயரில் முழுதாக ஒன்று கிடக்கிறது.
அவனைச் சாய்க்க
உப்புத்தூள் போதுமாயிருந்தது.

மூன்று நாள் அங்கே. பாதிச் சம்பளம்.
உலர்தீனி கூடாது. ஈரத்தீனி மட்டும்.
வீடெங்கும் தண்ணீர்க் கிண்ணங்கள்,
ஒன்றில் தினமும் கால் வைத்துவிடுகிறேன்.
மறுபடியும் வரலாம் என்றாள்.
ரசீதின் பின்பக்கம்
பென்சிலில் ஒரு தொலைபேசி எண்,
கீழே: மனிதர்களுக்கு.

இப்போது மணி மூன்று.
கூடத்தில் மணலைக் கிளறுகிறான்.
சத்தமில்லை.
பிறகு அது,
கெட்டிலிலிருந்து ஊற்றுவது போல
நீளமாக, அலட்சியமாக.
பதினாலு, பதினைந்து என்று எண்ணுகிறேன்
கழிவறைச் சுவரைப் பார்த்து நின்றபடி.
மணலை மூடிவிட்டு வந்து
வாசலில் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறான்.
கொட்டாவி விடுகிறான்.

ரசீது குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது,
எண் இருக்கும் பக்கம் உள்ளே பார்த்தபடி.
காலையில் பால் எடுக்கும்போது
திருப்பி வைக்கலாம்.