இரண்டாம் தீட்டல்

மல்லாவி ஆஸ்பத்திரி. வியாழக்கிழமை கிளினிக்.
வெறுவயிற்றில் இருநூற்றுப் பதினெட்டு.
கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதிவிட்டு
மிசி கேட்டாள்:
"ஐயா, என்ன வேலை?"
"நெல்லுக் குத்துற மில்லில நிக்கிறன்."
"அப்ப என்ன அரிசி சாப்பிடுறீங்கள்?"
"வெள்ளைதான்."
அவள் சிரிக்கவில்லை.
பின்னால் வாங்கில் இருந்த யாரோ சிரித்தார்கள்.

பதின்மூன்று வருடமாய் இந்தக் கைதான்
மெஷின் பிடியைத் தள்ளுகிறது.
முதல் முறை ஆட்டக்காரியின் உமி கழரும்.
இரண்டாம் முறை தீட்டத் தீட்டச்
சிவப்பெல்லாம் தூளாகிக்
குழாய்வழி சாக்குக்குள் இறங்கும்.
"இன்னும் கொஞ்சம் வெள்ளையாய்" என்பார்கள் சனங்கள்.
தவிடு என் வீட்டுக் கோழிகளுக்கு.
பதினாறு கோழி.
ஒன்றுக்கும் சீனி வருத்தம் இல்லை.

மிசி கடதாசியில் ஒரு வட்டம் கீறினாள்.
அரைவாசி மரக்கறி, இலைவகை.
கால்வாசி மீனோ பயறோ.
மிச்சக் கால்வாசி சோறு.
"இதுதான் ஐயா கோப்பை."
எனக்கு அது
காணிக் கந்தோரில் பங்கு பிரித்த படம் போலிருந்தது.
சோற்றுக்கு இவ்வளவு சின்னத் துண்டா?
உறுதிக்காரன் அதுதானே?

அவளுக்கு நான் சொல்லாதது:
அந்தப் பங்குனியில், கடற்கரை மணலில்,
கஞ்சிக்கு நீட்டிய பேணிக்குள்
பன்னிரண்டு பருக்கை.
எண்ணினேன்.
பிறகு முகாமில் போட்டதைத் தின்றோம்.
என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.
வெளியே வந்த நாளிலிருந்து
கோப்பையில் ஒரு பருக்கை மிஞ்ச விட்டதில்லை.
குவித்துப் போட்டு, வழித்து,
விரலையும் நக்கித்தான் எழும்புவேன்.
போதுமா என்று வயிற்றைக் கேட்டதேயில்லை.
பயத்தைத்தான் கேட்டேன்.
அது ஒருநாளும் போதும் என்று சொன்னதில்லை.

இப்போது என் மகள் வயதில் ஒரு பிள்ளை
பேனையை மூடிக்கொண்டு கேட்கிறாள்:
"உங்களுக்கு என்ன இலை விருப்பம்?"
விருப்பம்.
வாய் திறக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.
"முசுட்டை" என்றேன்.
"தேங்காய்ப்பூப் போட்டு, வறை."

முதல் கிழமை சண்டை.
மதனரூபி பெரிய கோப்பையை ஒளித்துவிட்டுத்
தேத்தண்ணிப் பீரிஸில் சோறு போட்டாள்.
எழும்பிப் போய்
பஸ் நிலையத்தடிக் கடையில்
இரண்டு ரோல்ஸ், ஒரு சோடா.
வாயைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.
அடுத்த மாதம் கொப்பி காட்டிக்கொடுத்தது.

பிறகுதான் ஒன்று பிடிபட்டது.
மிச்சம் வைக்க என்னால் ஏலாது,
குறைத்துப் போட ஏலும்.
இரண்டு அகப்பை. அதை வழித்துத் தின்னலாம்,
விரலையும் நக்கலாம்.
பிறகும் பசித்தால் வேலிக்கரையில் வெள்ளரிப் பிஞ்சு.
குளத்து ஜப்பான் மீன் பொரியலாய் இல்லை, புளிவிட்டு.
சனிக்கிழமை குரக்கன் பிட்டு;
அது தொண்டையில் நின்று யோசித்துத்தான் இறங்குகிறது.
தேத்தண்ணிக்கு மூன்று கரண்டிச் சீனி
ஒன்றரைக்கு வந்துவிட்டது.
அந்த ஒன்றரையோடு
இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

எங்கள் நெல்லை ஒரு முறையோடு நிறுத்தினேன்.
பழக்கத்தில் கை இரண்டாம் முறைக்குப் போனது.
பிடித்து இழுத்தேன்.
அந்தச் சோறு வேக நேரமெடுத்தது,
மெல்ல அதைவிட.
மெல்லும்போதுதான் தெரிந்தது
இவ்வளவு காலமும்
விழுங்கிக்கொண்டிருந்தேன் என்று.

நேற்று வன்னிவிளாங்குளத்திலிருந்து ஒருத்தி,
லாண்ட்மாஸ்டரில் மூன்று மூட்டை,
இடுப்பில் அதே நிறக் கொப்பி.
"அண்ணை, ஒரு மூட்டையை மட்டும்
ஒருக்காக் குத்தி விடுங்கோ.
மற்றது பிள்ளையளுக்கு, நல்ல வெள்ளையாய்."
பிள்ளைகளுக்கும், என்று தொடங்கினேன்.
மோட்டார்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.
மெஷினை நிறுத்திவிட்டுச் சொல்லியிருக்கலாம்.
நிறுத்தவில்லை. இரண்டு மூட்டையைத் தீட்டிக் கொடுத்தேன்.

பின்னேரம் தவிட்டுச் சாக்கு
வழமையைவிட ஒரு சாண் குறைவு.
வீட்டில் கோழிகள்
என் கையைப் பார்த்தன,
பிறகு என்னை.