ஆற்று மணல்

ஆதிலாபாத்திலிருந்து வந்த பெட்டிக்குள் வைக்கோல்,
வைக்கோலுக்குள் சாக்கு,
சாக்குக்குள் செங்கல் நிறத்தில் ஒரு மணற்கல்.
அதற்குள் ஒரு முகம்,
இன்னும் பாதிதான் வெளியே.

மாதம் ஒரு விரற்கடை, என் வேகம் அவ்வளவுதான்.
பல் டாக்டர் கழித்துப்போட்ட ஊசி, பூதக்கண்ணாடி.
ஒவ்வொரு மணலாக எழுப்பிவிட வேண்டும்,
எலும்புக்குத் தெரியாமல்.

எதிரே சித்திரங்கோட்டு குவாரியில்
பதினொன்றரைக்கு விசில். பிறகு வெடி.
மேசை ஒருமுறை குதிக்கும்.
விசிலுக்கே ஊசியைத் தூக்கிவிடுவேன்.

பாறையில் குழி போடும் றசாலம்
தண்ணீர் கேட்டு வந்தவர்
காதுப் பஞ்சை எடுக்காமலே குனிந்து பார்த்தார்.
"ஆமையா?"
ஆமை இல்லை. கிளிமூக்கு வைத்த ஊர்வன, பன்றி அளவு.
மேல்தாடையில் ஒரு பள்ளம், இரு கரையிலும் பற்கள்;
கீழ்த்தாடை அதில் வந்து இறங்கும்
பிச்சாத்தி மடங்கிப் பிடிக்குள் விழுவதுபோல.
"மரச்சீனி தின்னுமாயிருக்கும்."
மரச்சீனி ஏது அண்ணா,
டிரையாசிக் காலத்தில் பூ என்ற ஒன்றே இல்லை.

தம்ளரை வைத்துவிட்டுக் கொஞ்சம் நின்றார்.
"அப்பம் செத்தா மேல என்னத்தப் போட?"

ஆற்று மணல், என்றேன்.

"எங்க பாறையிலயும் இதுபோல கெடக்குமா?
வெடிக்கதுக்கு முன்ன பாத்துக்கிடலாமே."
கிடைக்காது. உங்களது வெந்த பாறை.
ஐம்பத்தைந்து கோடி வருஷம் முன்பு,
உலகில் எங்கும் ஒரு முள்ளெலும்புகூட இல்லாதபோது,
எண்ணூறு டிகிரியில் வெந்தது.
இது வெயில் காய்ந்த நாளில்
உங்கள் மலை மலையாகவே இல்லை.
எத்தனை ஆழத்தில் கிடந்ததோ, எனக்குத் தெரியாது.
"பின்ன தோண்டி எடுத்தது யாரு?"
மழை.
"அதுக்குக் கூலி யாரு குடுத்தா?"

மறுநாள் ஒரு சில்லு கொண்டுவந்து
மண்டையோட்டின் பக்கத்தில் வைத்தார்.
சாம்பல் கல்லில் மாதுளை முத்துபோல் இரண்டு சிவப்பு.
"எங்க சாதனத்துக்குக் கண்ணாவது இருக்கட்டு."
அது கண் இல்லை என்று நான் சொல்லவில்லை.
மீதி மலை தார்பாய் போட்ட லாரிகளில்
விழிஞ்ஞத்துக்குப் போய்க்கொண்டிருந்தது,
கடலில் கொட்ட.

சாயங்காலம் ஜன்னல் படியைத் துடைக்கிறேன்.
உள்ளிருந்து பறந்த சிவப்பு, வெளியிலிருந்து வந்த சாம்பல்;
ஈரத்துணியில் இரண்டும் பழுப்பு.
பிழிந்தால் வாளி கலங்கி, மெல்லத் தெளிந்து
அடியில் ஒரே படிவாக இறங்குகிறது.
இன்றைக்கும் அதைக் கொல்லையில்
பிச்சி மூட்டில் ஊற்றுகிறேன்.